பிலேந்திரன் அண்ணையும் லேபிளில் நின்ற ஆளும்

செய்தி வந்தபோது நான் மாநகர அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் இருந்தேன். ஒரு முதியவருக்கு மொழிபெயர்ப்பதற்காகப் போயிருந்தேன். திரையில் எங்கள் எண் வருவதற்கு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கைபேசியில் பிலேந்திரன் அண்ணையின் மனைவி றெஜினா அக்காவின் பெயர் வந்தது. வேலைநாளில், பகல் நேரத்தில், அவர் எனக்கு எடுப்பதே இல்லை.

"வசந்தி, அண்ணை போயிட்டார்," என்றார்.

"எங்க அக்கா?" என்று கேட்டுவிட்டேன். கடைக்கோ மருத்துவரிடமோ போயிருக்கிறார் என்றுதான் என் மனம் எடுத்துக்கொண்டது.

"பல்கனியில. கதிரையில இருந்தபடி. தேத்தண்ணி கொண்டு போனனான். ஆறட்டும், வை எண்டார். ஆறிப்போச்செண்டு சொல்லப் போறன், ஆள் இல்லை."

ஜெர்மனியின் பான் நகரத் தமிழரில் பலர் பிலேந்திரன் அண்ணையை அறிவீர்கள். தேவாலயத் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் காட்டியவர்கள் இருக்கிறீர்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி வைத்திருக்கும் மனிதராக அவரை நினைப்பவர்கள் இருக்கிறீர்கள். நான் எழுதப்போவது கடைசி இரண்டு ஆண்டுகளில் அவருடைய பல்கனியில் நடந்ததைப் பற்றி. எழுதலாமா என்று றெஜினா அக்காவைக் கேட்டேன். "நடந்ததை நடந்தபடி எழுது. கூட்டாதை," என்றார். கூட்டவில்லை.

அண்ணை மன்னார்க் கரையைச் சேர்ந்தவர். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அங்கிருந்து மேற்கே வந்து, கடைசியில் பானில் தங்கியவர். நகருக்கு வெளியே லேபிள் அச்சடிக்கும் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். வைன் போத்தல், ஜாம் போத்தல், இருமல் மருந்து எல்லாவற்றுக்கும் அங்கே லேபிள் அடித்தார்கள். அச்சு ஓடத் தொடங்கும் முன் நிறமும் கோடும் சரியா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது அவர் வேலை. ஒருமுறை கடையில் ஒரே தட்டிலிருந்து இரண்டு ஸ்ட்ரோபெரி ஜாம் போத்தல்களை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். "இது காலமை அடிச்சது, தங்கச்சி. இது மெசின் சூடேறினாப் பிறகு அடிச்சது. சிவப்பைப் பாருங்கோ," என்றார். நான் ஐந்து நிமிடம் பார்த்தேன். கடைசியில் எனக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு தெரியாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை பிற்பகலில் அவர் வீட்டு நாலாம் மாடிப் பல்கனியில் ஐந்து பேர் இருப்போம். அண்ணை, றெஜினா அக்கா, என் கணவர் சிவநேசன், கீழ்த்தளத்தில் குடியிருக்கும் டீட்டர், நான். டீட்டர் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பதைத் தொடுகிறவர். ஆண்கள் மூவரும் ஆளுக்கு இரண்டு சின்னக் கிளாஸ் பேர்பன் குடிப்பார்கள். பேர்பன் என்பது சோளத்தில் காய்ச்சுகிற அமெரிக்க விஸ்கி. நானும் அக்காவும் குடிப்பதில்லை, கதைக்கப் போவோம்.

அவர்கள் குடித்தது எப்போதும் ஒரே வகை பேர்பன். அண்ணைக்கு அதன் லேபிள் பிடிக்கும். மஞ்சள் பட்ட தாளில், செப்புத் தகட்டில் கீறியது போன்ற படம்: அகலமான ஆறு, அதற்குள் நீண்டு போகிற மரப்பலகை இறங்குதுறை, துறையின் நுனியில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு ஆள். டீட்டர் அந்த ஆளுக்கு ஜெர்மன் மொழியில் "காத்திருப்பவர்" என்று பெயர் வைத்திருந்தார். "அவர் இன்றைக்கும் நிற்கிறார்," என்பார் போத்தலைப் பார்த்து. எங்களுக்கு அது பழகிப்போன பகிடி.

ஓர் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை அண்ணை புதுப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தார். லேபிளை மாற்றிவிட்டார்கள். தாள் பால் வெள்ளை. எழுத்து பெரிது. ஆறும் துறையும் மெல்லிய கோடுகளாகச் சுருங்கியிருந்தன. துறையில் யாருமில்லை.

"ஆளை எடுத்திட்டாங்கள்," என்றார் என் கணவர். அக்கா போத்தலைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். டீட்டர், "இளம் ஆட்களுக்காக மாற்றுகிறார்கள். அடுத்த முறை ஆற்றையும் எடுப்பார்கள்," என்று குறைபட்டார். ஒரு வாய் குடித்ததும் என் கணவர் முகத்தைச் சுளித்தார். "ருசியும் மாறிப்போச்சு, அண்ணை. தண்ணி மாதிரிக் கிடக்கு." டீட்டரும் ஆமென்றார்.

அண்ணை எழுந்து உள்ளே போனார். குசினியில் பழைய போத்தலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டு போத்தல்களையும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து ஊற்றினார். இதுதான் பழையது என்று இருவரும் ஒரே கிளாஸைக் காட்டி அடித்துச் சொன்னார்கள். அண்ணை தாளைப் பிரித்தபோது இருவர் சொன்னதும் பிழை. "ருசி சொல்லுறது நாக்கெண்டு நினைக்கிறியள். கண் சொல்லிக் குடுக்க நாக்கு ஒப்பிக்குது," என்றார். இதை அவர் வேலைத்தலத்திலும் அடிக்கடி சொல்வாராம்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் எதையும் எளிதில் நம்பும் மனிதர் அல்லர். கண்ணைக் கூடச் சோதித்துத்தான் நம்புவார்.

ஆனாலும் அந்த ஆளை ஏன் எடுத்தார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. அடுத்த கிழமை என்னை அழைத்து, அந்த விஸ்கியை ஜெர்மனிக்கு இறக்குமதி செய்யும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார். மரியாதையாக எழுதினேன். நாங்கள் பல வருட வாடிக்கையாளர்கள், துறையில் நின்ற மனிதரை நீக்கியதன் காரணத்தை அறிய விரும்புகிறோம் என்று. மூன்று கிழமையில் பதில் வந்தது. இதுவரை வந்த லேபிள்கள் எல்லாவற்றின் நகலையும் உள்ளே வைத்து அனுப்பியிருந்தார்கள். கடிதத்தில் இருந்த வரியை நான் பல்கனியில் வாசித்து மொழிபெயர்த்தேன்: எங்கள் லேபிளில் எந்தக் காலத்திலும் மனித உருவம் இருந்ததில்லை.

நகல்களைப் பார்த்தோம். ஆறு இருந்தது. துறை இருந்தது. ஒன்றிலும் ஆள் இல்லை.

அக்கா எழுந்து போய்ப் பழைய போத்தலைக் கொண்டுவந்தார். அதில் தண்ணீர் விட்டு ஒரு கொடியை வேர் பிடிக்க வைத்திருந்தார். இலைகளை ஒதுக்கி ஐந்து பேரும் குனிந்தோம். மஞ்சள் தாள், கீறிய ஆறு, நீண்ட துறை. துறையின் நுனி வெறுமையாக இருந்தது.

டீட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். நல்ல வெயில் அடித்த பிற்பகல் அது. அக்கா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

அண்ணை அதோடு விடவில்லை. என் கணவருக்கு வேலை வழியாகப் பழக்கமான பிரகாஷ் என்ற தமிழ்நாட்டுப் பையன் கார்ல்ஸ்ரூஹே நகரில் இருந்தான். கணினி வேலை, பேர்பன் போத்தல் சேர்ப்பது பொழுதுபோக்கு. எங்களுடையதை விடப் பழைய போத்தல் ஒன்று திறக்காமல் அவனிடம் இருந்தது. அண்ணையும் நானும் கணவரும் ரயிலேறிப் போனோம். பிரகாஷ் உற்சாகமாகப் பேசினான்.

"பாட்டில் சேக்கறவங்க குரூப்ல இப்ப இதான் சார் டாபிக். பழைய லேபிள்தான் கிளாசிக், புதுசு ஷாம்பூ பாட்டில் மாதிரி இருக்குன்னு ஒரு கோஷ்டி. ஷெல்ஃப்ல பளிச்னு தெரியுது, நல்ல டிசைன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பக்கமும் அடிச்சுக்கறாங்க. ஆனா ஆளைக் காணோம்னு யாருமே சொல்லலையே."

"நீர் ஆளைக் காணேல்லையோ?" என்று அண்ணை கேட்டார்.

"எந்த ஆள் சார்?"

அண்ணை சன்னலோரம் போய்ப் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். "பலகைக் கோடுகளைப் பாருங்கோ. ஆளை எடுத்திருந்தா அந்த இடத்தில கோடு ஒட்டுப் போட்டிருக்கும். எவ்வளவு கெட்டிக்காரன் செய்தாலும் எனக்குத் தெரியும். இது ஒரே இழுப்பில கீறின கோடு. இதில ஒருத்தரும் நிக்கேல்லை." ஒருவரும் இல்லை என்பதைத் தன் தொழிலின் மொழியில் தானே உறுதிசெய்தார். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

திரும்பும் ரயிலில் பூதக்கண்ணாடியைத் துடைத்தபடியே வந்தார். இறங்க ஆயத்தமானபோது, "நாளைக்குப் பின்னேரம் எல்லாரும் வாங்கோ. ஆளாளுக்கு ஒரு பென்சிலும் கொண்டு வாங்கோ," என்றார்.

மறுநாள் ஒவ்வொருவராகக் குசினிக்குள் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு தாள். துறையில் நின்ற ஆளை நினைவில் உள்ளபடி கீறவேண்டும், மற்றவரோடு கதைக்கக் கூடாது. டீட்டரும் வந்திருந்தார். என் முறை வந்தபோது, எனக்குக் கீறவே வராது என்றேன். "வடிவு தேவையில்லை, தங்கச்சி. எப்பிடி நிண்டவர் எண்டது காணும்," என்றார்.

நாலு தாள்களையும் பல்கனி மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். நாலிலும் ஆளின் முதுகு தெரிந்தது. நாலிலும் வலது கை பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்திருந்தது. நாலிலும் இடது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. டீட்டர் அழுத்திக் கீறியிருந்தார், அக்கா பூப்போல மெல்லக் கீறியிருந்தார், என்னுடையது ஒரு குச்சி மனிதன். என்றாலும் அந்த இறங்கிய தோள் எல்லாத் தாளிலும் இருந்தது. நாங்கள் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அண்ணை தன்னுடைய தாளைக் கடைசியாக வைத்தார். அதே துறை, அதே கம்பம், அதே தோள். ஆனால் அவர் கீறிய ஆளுக்கு முகம் இருந்தது.

"எனக்கு எப்பவும் அவன்ர முகம்தான் தெரிஞ்சது," என்றார்.

"ஆரின்ர முகம்?" என்று அக்கா கேட்டார்.

அப்போதுதான் அந்தோனியைப் பற்றிச் சொன்னார். திருமணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அக்காவுக்கும் அதுதான் முதல் தடவை.

அந்தோனியும் அண்ணையும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இந்தியாவுக்குப் படகேற இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். விடிந்துகொண்டு வந்த நேரம். படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. "நீ போ, நான் அடுத்ததில வாறன்," என்று அந்தோனி சொன்னான். சின்ன வயதில் பாய்மரத்திலிருந்து விழுந்ததால் அவனுடைய இடது தோள் இறங்கியிருக்கும். படகு விலகியபோது ஜெற்றி என்கிற இறங்குதுறையின் நுனியில், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி நின்றான். அண்ணை ராமேஸ்வரத்தில் பத்து நாள் கரையில் காத்திருந்தார். அடுத்த படகு வரவில்லை. கடலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்று கதை வந்தது.

நாங்கள் நால்வரும் கரையிலிருந்து பார்த்திருக்கிறோம். அவர் படகிலிருந்து பார்த்திருக்கிறார்.

"முதல் முதல் அந்தப் போத்தலைக் கண்ட நாள் திடுக்கிட்டுப் போனன்," என்றார். "பிறகு, எங்கயோ அமெரிக்காவில ஒருத்தன் கீறின படம், எனக்கு அவன் மாதிரித் தெரியுது எண்டு நினைச்சன். நீங்களும் ஆளைக் காணுறியள்தானே, அப்ப அது படம்தான் எண்டு நிம்மதியா இருந்தன்."

அக்கா அழவில்லை. "இவ்வளவு காலம் அவனை எங்கட மேசையில வைச்சிருந்தனீங்கள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றார். நான் டீட்டருக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். அவர் யோசித்துவிட்டு, உன் பழைய தொழிற்சாலையில் கேட்டு, அந்த மனிதரோடு ஒரே ஒரு லேபிள் உனக்காக அடித்து எடு என்றார். அண்ணை மறுத்துவிட்டார். "இல்லாததுக்கு நான் ஒருநாளும் கையெழுத்து வைச்சதில்லை."

தேடிப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். காணாமற்போனோரைத் தேடிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது, அன்றாகு ஒன்று நிரப்பினால் போதும் என்றேன். விண்ணப்பத்தை இங்கே எங்கள் ஆட்கள் அன்றாகு என்றுதான் சொல்வோம். அண்ணை இரண்டு கிழமை பிடிகொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை தானாகவே, "அந்தப் படிவத்தைக் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார். நான் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். கடைசியாகக் கண்ட இடம் எது என்ற கேள்வியில் நிறுத்தினார்.

"ஜெற்றியில எண்டு எழுதுங்கோ."

"கடைசியாகக் கண்ட காலம் எப்ப எண்டும் கேட்டிருக்கு, அண்ணை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உண்மையைச் சொல்லட்டோ? போன ஈஸ்டருக்கு முந்தி," என்றார். பிறகு படகேறிய வருடத்தைச் சொன்னார். நான் அதை எழுதினேன்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. தடித்த உறை. திறக்காமல் எனக்காக வைத்திருந்தார். நான் முதலில் மனதுக்குள் வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்.

அந்தோனி கடலில் சாகவில்லை. சில மாதம் கழித்து வேறு படகில் போய், தமிழ்நாட்டில் ஒரு முகாமில் வாழ்ந்திருக்கிறான். திருமணம் முடித்து ஒரு மகளும் இருந்தாள். பல வருடத்துக்கு முன் அவனும் அண்ணையைத் தேடித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறான். ஜெர்மன் பதிவுகளில் அண்ணையின் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் போய்விட்டதால் அவன் எழுதிய பெயரோடு அது பொருந்தவில்லை. அவனுடைய தாளிலும் கடைசியாகக் கண்ட இடம் ஜெற்றி என்றுதான் இருந்தது.

"இப்ப எங்க இருக்கிறான்?" என்று அண்ணை கேட்டார்.

"காலமாகிட்டார், அண்ணை."

"எப்ப?"

"போன வருசம். ஈஸ்டருக்கு முந்தின கிழமை."

புதுப் போத்தல் கடைக்கு வந்ததும் அந்த நாட்களில்தான். நான் இதற்கு விளக்கம் சொல்லப்போவதில்லை; என்னிடம் இல்லை. அண்ணை இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நாங்கள் பிழையாப் பாக்கேல்லை," என்றார்.

அடுத்த சனிக்கிழமை அதே பேர்பனில் புதிதாக ஒரு போத்தல் வாங்கி வைத்திருந்தார். இனி வேறு ஏதாவது குடிப்பார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். லேபிளை விரலால் தடவி, "நல்ல அச்சு. நேர்மையான லேபிள். இல்லாததை இல்லையெண்டு காட்டுது," என்றார். அதற்குப் பிறகு லேபிளைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. என் கணவர் மட்டும் ருசி மாறித்தான் போனது என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

கடிதத்தோடு அந்தோனியின் மகள் ஸ்டெல்லாவின் தொலைபேசி எண்ணும் வந்திருந்தது. அண்ணை சனிக்கிழமை காலையில் அவளோடு கதைக்கத் தொடங்கினார். அந்த ஒரு வருடம் அவர் மெலிந்து போனாலும் முகம் தெளிந்திருந்தது. எங்களோடு இருக்கும்போது சிலவேளை பல்கனிக் கம்பிக்கு அப்பால், கீழே மரங்கள் இருக்கும் பக்கம், யாரையோ கவனிப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன அண்ணை என்றால், ஒண்டுமில்லை என்பார்.

அவரை அடக்கம் செய்து மூன்றாம் நாள் ஸ்டெல்லாவுக்கு நான் தொலைபேசி எடுத்தேன். முகாமில் பிறந்து வளர்ந்த பெண். மன்னார்ப் பேச்சும் தமிழ்நாட்டுப் பேச்சும் கலந்து வரும். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, பெரியப்பா வீட்டு மாடியில நீங்க அஞ்சு பேர் இருப்பீங்களா?"

"ஓம். ஏன் கேக்கிறீர்?"

"அப்பா ரொம்ப வருசமா ஒண்டு சொல்லிட்டே இருப்பார். முதுகுக்குப் பின்னால, உயரத்தில இருந்து அஞ்சு பேர் என்னைப் பாக்கினம் எண்டு. மூணு ஆம்பிளை, ரெண்டு பொம்பிளை. அதில ஒருத்தர் வெள்ளைக்காரக் கிழவர். திரும்பிப் பாத்தா இருக்க மாட்டாங்களாம். கண்ணுல ஏதோ கோளாறுன்னு நாங்க டாக்டர்கிட்டகூடக் கூட்டிட்டுப் போனோம்."

நான் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இதைப் பெரியப்பாவுக்குச் சொன்னனீரா?"

"முதல் நாளே சொன்னேன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"லைன் போச்சோன்னு நினைச்சேன். பிறகு, அவனுக்குப் பயமா இருந்ததோ எண்டு கேட்டார். இல்லை பெரியப்பா, அதுகள் நல்ல சனங்கள் எண்டுதான் அப்பா சொல்லுவார் எண்டேன். அப்பத்தான் அழுதார்."

ஒரு வருடம் முழுக்க அண்ணை எங்களோடு அந்த மேசையில் இருந்தார். இதை எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் பயப்படுவோம் என்று நினைத்திருக்கவேண்டும். றெஜினா அக்காவுக்கு இப்போது சொல்லிவிட்டேன். என் கணவருக்கும் சொன்னேன். டீட்டரிடம் சொன்னபோது அவர் எழுந்து நின்று, கம்பியோரம் போய், தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார்.

அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவர் ஸ்டெல்லாவிடம் கேட்ட அந்தக் கேள்வியை. அந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு வந்த பயம் எனக்காகவே வந்தது. அவர் அதே கதையைக் கேட்டுவிட்டு, தொலைவில் தனியாக நின்றவனுக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டிருக்கிறார்.